எந்த டம்ளரில்?

எங்க ஊரில் சாயங்காலம் சைக்கிளில் வரும் சுக்குக் காப்பியில் காப்பியே கிடையாது. சுக்கு, மல்லி, கருப்பட்டி, அவ்வளவுதான். டீக்கடையில் டீ குடித்துவிட்டு வந்தவரையும் "காப்பி குடிச்சாச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். காப்பிக்கொட்டை போகாத இடத்துக்கெல்லாம் காப்பி என்ற சொல் போய்விட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையை முதலில் படித்தபோது எனக்கு இந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வந்தது.

2000இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக் கட்டுரை அது. காலையில் நீராகாரமும் பழைய சோறும் சாப்பிட்ட ஒரு சமூகத்துக்குள் காப்பி எப்படி நுழைந்தது, முதலில் அதை ஏன் கெட்ட பழக்கம் என்று திட்டினார்கள், பிறகு அதே காப்பி எப்படி விருந்தோம்பலின் அடையாளமானது என்று அன்றைய இதழ்களையும் எழுத்துகளையும் வைத்துக் காட்டுகிறார். பண்பாட்டு வரலாறு என்றால் கோயிலும் காவியமும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, ஒரு டம்ளர் காப்பிக்குள் ஒரு வர்க்கமே உருவாவதைப் பார்க்க முடியும் என்று சொல்லிக்கொடுத்த கட்டுரை.

இன்று நமக்கு ரீல்ஸில் கிடைக்கும் காப்பி வரலாறு வேறு. எத்தியோப்பியாவில் கால்டி என்ற இடையன், துள்ளிக் குதித்த ஆடுகள்; யேமனிலிருந்து ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்த பாபா புதன். இடையன் கதை எழுத்தில் வந்ததே 1671இல் ரோமில் அச்சான ஒரு லத்தீன் நூலில்தான். அதற்கு முன்பே யேமனின் சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூங்காமலிருக்கக் காப்பி குடித்துப் பல தலைமுறை ஆகிவிட்டது. இந்தக் கதைகளில் யாரோ ஒருவர் கண்டுபிடிக்கிறார், உலகமே குடிக்கிறது. நடுவில் யாருக்கு ஊற்றினார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்ற கேள்வி வருவதில்லை. வேங்கடாசலபதி அதைக் கேட்கிறார். பிராமணர்களின் காப்பி கிளப்புகளைப் பற்றி அவர் எழுதும் பகுதிகள் இன்றைக்கும் சுடுகின்றன.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு அவருடன் பிணக்கு உண்டு. காப்பி நடுத்தர வர்க்கத்தின் பானம், தேநீர் உழைப்பவர்களின் பானம் என்ற கோடு கட்டுரைக்கு முதுகெலும்பு. நகரத்துக்கும் காவிரிக் கரைக்கும் அது பொருந்தலாம். கொங்கில் அந்தக் கோடு நேராக ஓடவில்லை. இங்கே தோட்டத்து வீடுகளில் கருப்பட்டி போட்ட வரக்காப்பிதான் காலையில் கொதிக்கும். வீட்டுக்காரருக்கும் அதுதான், பண்ணையத்துக்கு வந்தவருக்கும் அதுதான். பிரிவினை பானத்தில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அவினாசிப் பக்கம் எங்கள் அம்மிச்சி வீட்டுத் தாழ்வாரத்தில் ஓட்டுக்கடியில் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். வேலைக்கு வருபவர் அதை எடுத்து நீட்டுவார். அம்மிச்சி மேலே தூக்கி ஊற்றும். குடித்துவிட்டு அவரே கழுவி அதே இடத்தில் செருகிவிட்டுப் போவார். எட்டு வயதில் ஒருநாள் நான் அதை எடுத்துவிட்டேன். அம்மிச்சி திட்டவில்லை. "அது நம்முளுது இல்ல கண்ணு" என்று வாங்கி, கழுவாமலே திரும்பச் செருகியது. சட்டியில் இருந்தது ஒரே காப்பி.

எத்தியோப்பியாவில் காப்பி போடுவது ஒரு சடங்கு. கொட்டையை அங்கேயே வறுத்து, இடித்து, ஜெபனா என்ற மண்கூசாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவார்கள். மூன்றாவதன் பெயர் பரக்கா, ஆசீர்வாதம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சடங்கு முழுமை. நாமோ உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு வாகாக விளிம்பு வைத்த டம்ளர் செய்துகொண்டோம். ஃபில்டர் காப்பியின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. அந்த விளிம்புக்குள் எச்சில் பற்றிய அச்சமும் இருக்கிறது என்பதை மறக்க முடியவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையைத் தனியாகப் படிக்காதீர்கள் என்பேன். பக்கத்திலேயே பி. எச். டேனியலின் 'ரெட் டீ' நாவலை வையுங்கள். 1969இல் ஆங்கிலத்தில் வந்தது, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்தார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் டேனியல். முன்பணம் கொடுத்து மேஸ்திரி மலையேற்றிக் கொண்டுபோகும் கருப்பனும் வள்ளியும் திரும்ப முடியாமல் கடனில் சிக்குவதுதான் கதை. நாவலாக அதில் குறைகள் உண்டு. பல இடங்களில் பாத்திரங்களை ஓரமாக நிறுத்திவிட்டு மருத்துவரே பேசுகிறார். ஆனாலும் கட்டுரை டம்ளரிலிருந்து தொடங்குகிறது, நாவல் செடியிலிருந்து. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், தாழ்வாரத்துக்கு வெளியே நின்று குடித்தவர். அவரை இரண்டிலும் நான் முழுசாகப் பார்க்கவில்லை.

இரட்டைக் குவளை மேற்கு மாவட்டங்களின் டீக்கடைகளில் நேற்றுவரை இருந்தது. அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல். இப்போது எங்க ஊர்க் கடையில் எல்லாருக்கும் பேப்பர் கப். "ஒரு பிரச்சினையும் இல்லீங்க" என்கிறார் கடைக்காரர். பிரச்சினை தீர்ந்ததா, கழுவ வேண்டிய அவசியம் மட்டும் தீர்ந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

அம்மிச்சியின் ஓட்டு வீட்டை இடித்துத் தார்சு போட்டாயிற்று. அந்த டம்ளர் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். அதில் குடித்தவர் பெயரைச் சொல்லி அம்மிச்சி கூப்பிட்டது காதில் இருக்கிறது. அந்தக் காப்பி அவருக்கு எப்படி ருசித்தது என்பது தெரியாது. கொங்கின் காப்பி வரலாற்றை எழுத வேண்டியவர்கள் அவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எழுதும்போது அந்தத் தாழ்வாரத்துக்கு உள்ளே நின்றவனாக நான் அதில் வருவேன். வரட்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.