முந்நூறு கிலோ கல்லும் ஒரு ரப்பர் விளிம்பும்

பத்தடிக்கு ஆறடி கிரானைட் பலகை, 20 மில்லிமீட்டர் கனம். எடை போட்டால் ஏறத்தாழ 300 கிலோ. லாரியிலிருந்து இறக்க ஆறு பேர் போதும் என்பார்கள். விதியும் அதற்கு இடம் கொடுத்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் வயது வந்த ஆண் 55 கிலோ வரையும் பெண் 30 கிலோ வரையும் தூக்கலாம் என்றன. பலர் சேர்ந்து தூக்கினால் அந்த அளவுகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆறு ஐம்பத்தைந்து 330. காகிதத்தில் கணக்கு சரி. ஆனால் நிறுத்திப் பிடித்த பலகை ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிட்டால் பாரம் ஆறாகப் பிரிந்துகொண்டிருக்காது. சாயும் பக்கம் நிற்கிற இருவர் மேல்தான் மொத்தமும் இறங்கும். கல் இறக்கும் இடத்தில் உயிரை வாங்குவது எடையைவிட இந்தச் சாய்வுதான்.

அந்த இருவரை அங்கிருந்து அப்புறப்படுத்துவதே வேக்குவம் லிஃப்டரின் முதல் நன்மை என்று நினைக்கிறேன். ஆள் மிச்சம், நேரம் மிச்சம் என்று விற்பனையாளர் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு. கிரேன் கொக்கியில் ஒரு சட்டம், சட்டத்தில் நாலைந்து ரப்பர் கப், ஒரு பம்ப், ஒரு அழுத்தமானி. கல்லுக்கடியில் யார் கையும் போக வேண்டியதில்லை.

கண்ணாடியில் இதன் அருமை இன்னும் தெரியும். டஃபன்ட் கண்ணாடியின் முகத்தில் ஓங்கித் தட்டினாலும் தாங்கும். ஓரத்தில் சிறு அடி பட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். கையால் தூக்குகிறவர்கள் பிடிப்பதோ அந்த ஓரத்தைத்தான். லிஃப்டர் முகத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு ஓரங்களையும் விட்டுவிடுவதால், கண்ணாடியை நேராகச் சட்டத்துக்குள் இறக்கிவிடலாம். 12 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. ஆறு சதுர மீட்டர் பலகையை எட்டாவது மாடியில் வெளிப்பக்கமாகப் பொருத்த இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை. பிரிட்டனில் சாலையோரக் கெர்ப் கல் ஒன்று ஏறத்தாழ 67 கிலோ. அதை இருவர் குனிந்து இடுக்கியால் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வேலையையும் இப்போது பல இடங்களில் இந்தக் கருவியே செய்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். உறிஞ்சித் தூக்குகிறது என்று சொல்கிறோமே தவிர, உறிஞ்சுதல் எதையும் தூக்குவதில்லை. கப்புக்குள் இருக்கும் காற்றை பம்ப் வெளியேற்றுகிறது. வெளியில் இருக்கும் காற்று கல்லைக் கப்போடு சேர்த்து அழுத்துகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பம்பாலும் இதற்கு மேல் ஒரு கிராம்கூடச் சேர்க்க முடியாது.

டைல்ஸ் வேலைக்கென்று பேட்டரியில் ஓடும் கையடக்கக் கருவிகள் இப்போது இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. எட்டங்குல ரப்பர் வட்டம், ஒரு கைப்பிடி, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘200 கிலோ’. பொய்யா என்றால் பொய்யில்லை. எட்டங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 320 சதுர சென்டிமீட்டர். அதில் 60, 65 சதவீத வெற்றிடம் உண்டாக்கினால் 200 கிலோ வந்துவிடும். ஆனால் அது பிய்ந்து வரும் எல்லை. அந்த எடையை நம்பித் தூக்க முடியாது. ஐரோப்பியத் தர நெறியான ஈஎன் 13155, தூக்கும் எடையைப்போல் இரு மடங்காவது பிடிமானம் வேண்டும் என்கிறது. ஆக 200 நூறாகிறது. பலகையை நிறுத்தினால் அதைத் தாங்குவது ரப்பருக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. அதில் இன்னொரு பாதி போகும். மிஞ்சுவது 50 கிலோ. மேலே தண்ணீரோ சிமெண்ட் தூசியோ இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பெட்டியில் அச்சடித்த எண்ணுக்கும் கையில் கிடைக்கும் எண்ணுக்கும் இடையே நாலு மடங்கு தூரம். இதை மேஸ்திரிக்கு யார் சொல்வது?

மலையில் நிலைமை இன்னும் மாறும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். சென்னையில் 400 கிலோ பிடித்த அதே லிஃப்டர் ஊட்டியில் 300 கிலோவை ஒட்டித்தான் பிடிக்கும். கருவியில் ஒரு பழுதும் இருக்காது.

பொருளின் முகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் தொழிற்சாலைகளில் பாலிஷ் ஏறிய பலகை, சமமான தரை, தினமும் அதே வேலையைச் செய்யும் ஆள் என்று எல்லாம் கூடி வருவதால் கருவிக்கு அது தாய்வீடு. தீய்ச்சல் கொடுத்துச் சொரசொரப்பாக்கிய கல்லிலோ, அடுக்கடுக்காகப் பிளந்த கடப்பா கல்லிலோ விளிம்பின் வழியே காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஸ்பாஞ்சு விளிம்பும் நிறையக் காற்றை இழுக்கும் பம்பும் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் மின்சாரம் நின்ற கணமே பிடியும் விட்டுப்போகும். இன்னொன்று: கப் பிடிப்பது மேல்தோலை மட்டும்தான். உள்ளே கீறல் விட்ட கல்லையும், பிசின் போட்டு ஒட்டிய கல்லையும் தூக்கும்போது கப் நன்றாகத்தான் பிடித்திருக்கும். கல்லே இரண்டாகிக் கீழ்ப்பாதி விழும். அழுத்தமானி கடைசிவரை பச்சையில் நிற்கும்.

காற்று வெளியிலும் தொல்லை தரும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று ஆறு சதுர மீட்டர் கண்ணாடியைத் தள்ளும் விசை ஏறத்தாழ 37 கிலோ. கடற்கரையை ஒட்டிய ஊரில் அது பெரிய காற்றே அல்ல. தொங்கும் கண்ணாடி அப்போது கப்பலின் பாய்தான்.

இவையெல்லாம் தெரிந்த குறைகள். கட்டுமானக் களத்துக்கான நல்ல லிஃப்டர்களில் பரிகாரமும் உண்டு. தனித்தனியே இரண்டு வெற்றிடச் சுற்றுகள், ஒன்று கசிந்தால் மற்றது பிடித்திருக்கும். காற்றைத் திரும்ப விடாத வால்வு. அழுத்தம் குறைந்தால் அலறும் மணி. மின்சாரம் போனாலும் சில நிமிடங்களாவது சுமையைப் பிடித்திருக்கும் சேமிப்பு. என் கவலை வேறு. கயிறு நைந்தால் பிரி பிரியாகத் தெரியும். ஆள் களைத்தால் ‘கொஞ்சம் இறக்குங்கண்ணே’ என்பான். சித்திரை வெயிலில் காய்ந்து விறைத்துப்போன ரப்பர் விளிம்பு அப்படி எதையும் சொல்லாது. தினமும் காலையில் கப்பைத் துடைத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிவிட்டு முள் இறங்குகிறதா என்று ஐந்து நிமிடம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். லிஃப்டருக்குப் பணம் ஒதுக்கும் ஒப்பந்ததாரர் அந்த ஆளுக்குக் கூலி ஒதுக்குவதில்லை. தினம் ஓர் ஆள் மாறும் களத்தில் அந்த ஆளுக்குப் பெயரும் கிடையாது.

கூலி என்றதும் கேரளம் நினைவுக்கு வருகிறது. இயந்திரம் சுமையை இறக்க, சுமைக்காரர்கள் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்ட ‘நோக்குகூலி’யை அந்த மாநிலம் 2018 மே முதல் தேதியிலிருந்து தடை செய்தது. தடை நியாயம்தான். ஆனாலும் அந்தச் சுமைக்காரர்களில் இருவருக்குக் கப்பையும் முள்ளையும் பார்க்கும் வேலையைப் பழக்கியிருந்தால் பார்த்ததற்கான கூலி நேர்மையான கூலியாகவே இருந்திருக்கும்.

வீட்டு வேலைக்கு வரும் கல்லைப் பொறுத்தவரை லிஃப்டர் பெரும்பாலும் லாரியோடு திரும்பிவிடுகிறது. மூன்றடி அகல மாடிப்படியில் அது ஏறாது. முழுப் பலகையை ஆறு பேர் மாடிக்குத் தூக்கிப்போய் அங்கே வெட்டுவதுதான் இன்னும் பல இடங்களில் வழக்கம். படியில் கீழே நிற்பவர்கள்மேல்தான் பாரமெல்லாம். சமையல் மேடைக்கு வேண்டியது இரண்டடிக்கு எட்டடித் துண்டு. கடையிலேயே அளந்து வெட்டி வாங்கினால் அது 80 கிலோ; இருவர் தூக்கலாம். வெட்டுக்கூலி கொஞ்சம் கூடும், மூலைப் பொருத்தத்தில் மேஸ்திரி முணுமுணுப்பார்.