காரைநகரிலிருந்து மலைநாட்டுக்கு: குடிபெயர்வின் நிறையும் குறையும்

காரைநகரை விட்டுக் கண்டிக்கோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய் இருப்போமா என்று ஒரு குடும்பம் யோசிக்கத் தொடங்கினால், முதலில் வரும் காரணம் தண்ணீர். அடுத்தது பிள்ளைகளின் படிப்பு, பிறகு மலைநாட்டுக் குளிர்மை. தொழில் கடைசியில்தான் வரும். எங்கள் பாட்டன்மாருக்கு வரிசை நேர்மாறாக இருந்தது. அவர்கள் தொழிலுக்காக மட்டுமே போனார்கள், மற்ற எல்லாவற்றையும் ஊரிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். இந்த இரண்டு போக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இன்று எடுக்கும் முடிவின் சரி பிழை விளங்கும். தொழிலுக்காகப் போவது நல்லது என்பதும், ஊரின் குறைகளிலிருந்து தப்புவதற்காகப் போவது பெரும்பாலும் நினைத்ததைத் தராது என்பதும் என் கட்சி.

காரைநகரின் பழைய பெயர் காரைதீவு; காகமும் காரைதீவானும் போகாத இடமில்லை என்று ஊரில் சொல்வார்கள். உத்தியோகத்துக்கு மலாயா வரை போனார்கள், வியாபாரத்துக்குக் கொழும்பு முதல் மலைநாட்டு நகரங்கள் வரை போனார்கள். ரயில் பாதை 1867இல் கண்டியை எட்டியது, 1924இல் பதுளையை எட்டியது. தோட்டங்களுக்கு அரிசி, புடவை, கருவாடு, சுருட்டு எல்லாம் வேண்டியிருந்தன. ஒரு பையன் சொந்தக்காரரின் கடையில் எடுபிடியாகச் சேருவான். இரவில் கடைக்குள்ளேயே படுத்து, தராசும் கணக்கும் பழகி, சில ஆண்டுகளில் பங்காளியாவான், பிறகு தனிக்கடை போடுவான். பங்காளிகள் முறை வைத்து ஊருக்கு வருவார்கள். திருவாதிரைக்கு எங்கள் ஊர்ச் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்தில் நிற்காவிட்டால் அந்த ஆண்டு உழைத்ததில் அர்த்தமில்லை என்று எண்ணியவர்கள் பலர்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலம், அது குடும்பத்துக்கு இரண்டு கால் ஊன்ற இடம் தந்ததுதான். கடைக் காசு வீடாகவும் கிணறாகவும் கோயில் திருப்பணியாகவும் ஊருக்குத் திரும்பியது. 1983 ஜூலை 27இல் பதுளைக் கடைத்தெரு எரிந்தபோது, கடையை இழந்தவர்களுக்குத் திரும்பி வர ஒரு வளவு இருந்தது. 1991இல் இராணுவ நடவடிக்கையோடு காரைநகரே வெறுமையானபோது, தெற்கில் இருந்த உறவினர் வீடுகள் பலருக்கு ஒதுங்க இடமாயின. ஓரிடம் கைவிட்டபோது மற்ற இடம் தாங்கியது.

ஆனால் அந்தப் பழைய முறையைப் புகழும்போது இரண்டு குறைகளை மறைத்துப் பேசுகிறோம். ஒன்று, அதன் சுமை முழுவதையும் ஊரில் இருந்த பெண்கள் தூக்கினார்கள். பிள்ளை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு, வளவு, வழக்கு, கோயில் முறை எல்லாம் அவர்கள் தலையில். கணவனின் முகம் ஆண்டுக்குச் சில கிழமைகள்தான், மிச்ச நாட்களுக்குக் கடிதமும் மணியோடரும். கடையின் ஐந்தொகையில் அந்த உழைப்பு ஒருநாளும் ஏறவில்லை.

மற்றது இன்னும் கசப்பானது. மலைநாட்டில் முப்பது நாற்பது ஆண்டுகள் கடை வைத்திருந்த எங்களவர் பலர், அங்கே வாழ்ந்த தோட்டத் தமிழரைக் கடன் கொப்பியில் உள்ள பெயராக மட்டுமே அறிந்திருந்தார்கள். சம்பள நாளில் பாக்கி அடையும், அடுத்த நாளே கொப்பி மறுபடி நிரம்பத் தொடங்கும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அந்தப் பிரச்சினை தமிழ்த் தலைமையைப் பிளந்தது. 1949 டிசம்பரில் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியை அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தும் சம்பந்தம் பேசுவதிலும் பந்தியில் இருத்துவதிலும் எங்கள் சமூகம் வைத்த தூரம் குறையவில்லை. அதே நகரத்தில் வாழ்ந்தும் அந்த நகரத்தவராகாமல் இருந்தோம். இன்று குடும்பத்தோடு போகிறவர் அந்தத் தூரத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போனால், பழைய முறையின் பலத்தை விட்டுவிட்டுக் குறையை மட்டும் எடுத்துச் செல்பவராவார்.

இனி இன்றைய காரணங்களுக்கு வருவோம். தண்ணீர்க் கஷ்டம் உண்மையானது. பவுசர் வரும் நேரத்துக்குப் பிளாஸ்ரிக் பரல்களையும் குடங்களையும் படலையில் வரிசையாக வைத்துக் காத்து நிற்பவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. கிணற்றில் தண்ணீர் நிற்கும், வாயில் வைத்தால் உவர்க்கும். தீவின் நிலத்தடியில் நன்னீர், கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். ஆனால் குடாநாட்டில் மழை குறைவில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அது மண்ணுக்குள் இறங்குமுன் கடலுக்கு ஓடிவிடுவதுதான் எங்கள் பிரச்சினை. தூர்ந்த குளம், உடைந்த அணை, பீலியும் தொட்டியும் இல்லாத கூரை ஆகியவை மனிதரால் திருத்தக்கூடிய குறைகள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. அதன் பயன் தீவுகளின் கடைசி வீடுவரை வரும்படி கேட்டு நிற்க, ஊரில் ஆள் இருக்க வேண்டும். வசதியுள்ளவர் எல்லாரும் போய்விட்டால், கேட்கும் குரலும் அவர்களோடு போய்விடும்.

மலைநாட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் வெட்டியபோது, 2014 முடிவில் நிலத்தடி நீர் அதற்குள் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. ஆனாலும் அங்கே பெரும் பயம் தண்ணீர் இல்லாமை அல்ல, தண்ணீர் கூடிப்போவதுதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

தட்டையான நிலத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் சரிவு நிலத்தைப் பார்த்து அளக்கத் தெரியாது. பரப்புக் கணக்கில் காணி பார்த்த கண், பத்துப் பேர்ச் என்றதும் அதே ஒரு பரப்புத்தானே என்று எண்ணும். வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டிய மண்சுவர் எவ்வளவு உயரம், தாங்கு சுவரில் நீர் வடியத் துளைகள் உண்டா, மேட்டில் மரமோ மின்கம்பமோ சாய்ந்து நிற்கிறதா, மழைக்குப் பிறகு புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கல் நீர் வருகிறதா என்று பார்த்தே விலை பேச வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கியிருக்கிறது. உறுதியைப் படிப்பதற்கு முன் அதைப் பார்ப்பது நல்லது.

குளிர்மை பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றரிலும் பதுளை 680 மீற்றரிலும் இருக்கின்றன. சித்திரை வெயில் அங்கேயும் சுடும்.

படிப்பைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் கொடுக்கப்படுகிறது. பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பதைப் பொறுத்து வெட்டுப்புள்ளி மாறும். அதனால் பதுளைக்கோ நுவரெலியாவுக்கோ பிள்ளையைக் கொண்டுபோனால் இடம் இலகுவாகக் கிடைக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. பெற்றோர் அங்கே வாழ்ந்து உழைக்கிறார்கள் என்றால் அதில் பிழையில்லை. புள்ளிக்காக மட்டும் போவது, லயன் அறையில் இருந்து படித்து முதன்முதலாகப் பல்கலைக்கழக வாசலை எட்டும் ஒரு பிள்ளையின் இடத்தைப் பறிப்பதாகும். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலின் வலியை அறிந்த சமூகம் இதைச் செய்யலாகாது.

மருத்துவ வசதியும் பேராதனைப் பல்கலைக்கழகச் சூழலும் கண்டிக்குச் சாதகமானவை. ஆனால் பொலிஸிலும் மாநகரசபையிலும் காரியம் பார்க்கச் சிங்களம் வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியும் நடைமுறை பின்தங்கியே நிற்கிறது. நடுவயதுக்காரர் சமாளிப்பர். மொழி தெரியாத அம்மம்மா அங்கே நான்கு சுவருக்குள் அடைபடுவார். ஊரில் வேலிக்கு மேலால் நாலு பேரோடு பேசிய மனுசிக்கு அது சிறிய இழப்பல்ல.

வீட்டை யார் பெயரில் வைத்திருக்கிறோம் என்பதும் பேசப்பட வேண்டும். காரைநகரில் குடும்பம் இருக்கும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குக் கொடுத்த சீதனம். தேசவழமையின்படி அது அவள் சொத்து. ஆனாலும் விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். குடிபெயரும் முடிவை ஆண்கள் எடுத்துவிட்டுப் பெண்ணிடம் கையெழுத்து மட்டும் கேட்பது, பழைய முறையில் அவள்மேல் சுமையை ஏற்றிய அதே பழக்கத்தின் தொடர்ச்சி. அவள் சொல்லே முதற்சொல்லாக இருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன். அங்கே வேலையோ கடையோ கையில் இருந்தால் போகலாம், குடும்பத்தைப் பிரித்து வைக்காமல் சேர்ந்தே போவது பழைய முறையைவிட நல்லது. முதல் இரண்டு மழைக்காலம் வாடகை வீட்டில் இருந்து பார்த்த பிறகு காணி வாங்குங்கள். பிள்ளைகள் சிங்களம் படிக்கட்டும், தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கட்டும், சம்பந்தமும் செய்யட்டும். ஊர் வீட்டைப் பூட்டிப் பாழாக்காமல், காணியற்ற ஒரு குடும்பத்தை இருத்திவிட்டுப் போங்கள். தண்ணீருக்காகவும் குளிருக்காகவும் மட்டும் போக நினைப்பவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மலைச்சரிவில் காணி வாங்க ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறுபங்கைக் கூரைப் பீலிக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் அயலிலுள்ள குளத்தைத் தூர்வாரவும் முதலில் செலவழியுங்கள். அதற்குப் பிறகும் ஊர் இருக்க விடவில்லை என்றால், அப்போது எடுக்கும் முடிவில் குற்ற உணர்வு வேண்டியதில்லை.