மலையில்லாத தடம்

ரயில் அழகு என்றதும் எல்லோரும் மேட்டுப்பாளையம்–ஊட்டிப் பாதையைத்தான் சொல்வார்கள். 1908 முதல் ஊட்டிவரை ஏறும் அந்த வண்டிக்குப் பாதி அழகை மலையே தந்துவிடுகிறது. காட்டுப்பள்ளியை அடுத்த எண்ணூர்–அத்திப்பட்டுத் தடத்தில் மலை ஏது? கொசஸ்தலை ஆறும் உப்பங்கழியும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும்தான். ஆனால் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி கிளம்பும் கணத்தைக் கவனியுங்கள்: இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுக, ‘டடக்’ ஓசை எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் இந்தச் சங்கீதம் கிடையாது. கரித்தூள் பறக்கிறது, கூட்ஸுக்காக லோக்கல் காத்துக் கிடக்கிறது என்பார்கள். நியாயமான புகார்தான், கரியை மூடிக் கொண்டுபோகச் சொல்லலாம், நேரத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லலாம். அதற்காக வண்டியையே வெறுப்பானேன்? லாரியில் ஏற்றினால் அதே கரி நம் வாசல் வழியாகத்தான் போகும்.