செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி: உறவுகளும் ஆவணங்களும்

செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி, சென்னை மாகாணத்தில் குற்றம் புரிந்த சிறுவர்களுக்காக ஆங்கிலேய அரசு 1887இல் தொடங்கிய உறைவிடப் பள்ளி. இவ்வகைப் பள்ளிகளில் சிறுவர்களின் வாழ்வை ஆராய்ந்த முக்கியமான நூல், வரலாற்றாய்வாளர் சதத்ரு சென் எழுதிய 'காலனியல் சைல்ட்ஹுட்ஸ்' (2005).

சட்டப் பின்னணி

1876ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 1897இல் மாற்றி இயற்றப்பட்டது. அதன்படி, தண்டனை பெற்ற 15 வயதுக்குட்பட்ட சிறுவனைச் சிறைக்குப் பதிலாக 3 முதல் 7 ஆண்டுகள் பள்ளியில் வைக்கலாம். 18 வயதுக்கு மேல் வைக்கக் கூடாது. சிறுவர்களை இரவில் பிரித்து வைக்கும் வசதி பள்ளியில் இருக்க வேண்டும். விதியை மீறி வெளியார் அவர்களோடு தொடர்புகொள்வது குற்றம். 14 வயது நிரம்பியவனை உரிமத்தின் பேரில் வேலைக்கு அனுப்பலாம். நண்பன், பெற்றோர், முதலாளி என மூன்று உறவுகளையும் சட்டமே வரையறுத்தது.

நூலின் வாதம்

இந்தியப் பெற்றோரே பிள்ளைகளைக் கெடுப்பவர்கள் என்று அதிகாரிகள் கருதினர். ஆகவே பெற்றோரின் இடத்தை அரசு எடுத்துக்கொள்ள முயன்றது என்கிறார் சென். சிறுவர்களுக்கிடையிலான நெருக்கத்தையும் அதிகாரிகள் ஐயத்தோடே நோக்கினர். இளவரசர்களுக்கான கல்லூரிகளையும் இப்பள்ளிகளோடு சேர்த்து ஆராய்வது நூலின் சிறப்பு.

மதிப்பீடு

சென்னின் சான்றுகளில் பெரும்பகுதி அரசு ஆவணங்கள். குற்றமாகும்போதுதான் நட்பு அவற்றில் இடம்பெறும். உணவைப் பகிர்ந்தது, நோயுற்றவன் அருகில் அமர்ந்திருந்தது போன்றவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆவணத்தில் இல்லாததால் அந்த அன்பே இல்லை என்று வாசகர் முடிவுசெய்துவிடக் கூடாது.

பல மாகாணங்களை ஒன்றாகப் பேசுவதால் செங்கல்பட்டின் தனித்தன்மையும் நூலில் மங்குகிறது. மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து பெற்றோர் ஒரு நாள் நடையில் செங்கல்பட்டை அடைந்துவிடலாம். அதே மாகாணத்தைச் சேர்ந்த மலபாரிலிருந்தோ கஞ்சத்திலிருந்தோ ஏழைத் தாய் ஒருத்தி வந்து சேர்வது எளிதல்ல. தமிழ், தெலுங்கு, மலையாளம் எனத் தாய்மொழி வேறுபட்ட பிள்ளைகளின் உறவில் மொழிக்கும் சாதிக்கும் இருந்த பங்கு தனி ஆய்வுக்குரியது.

இன்றைய பொருத்தம்

1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறுவர் சட்டம் இத்துறையில் அடுத்த கட்டம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்துடையதே என்கிறது. பழைய சட்டத்தின் நோக்குக்கு இது நேர்மாறானது. செங்கல்பட்டில் இன்றும் அரசின் சிறுவர் இல்லம் இயங்குகிறது. அங்குள்ள பிள்ளைகளின் நட்பும் பாசமும் அவர்கள் சொற்களிலேயே பதிவாக வேண்டும். இல்லையேல் நாளைய ஆய்வாளருக்கும் குற்றப் பதிவேடு மட்டுமே மிஞ்சும்.