ஃபோர்டு எக்கோஸ்போர்ட்: கோளாறுகளைக் கண்டறிவதும் சரிசெய்வதும்

நான்கு மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்.யூ.வி. என்ற வகைக்கு இந்தியாவில் பெரிய சந்தையை உருவாக்கிய வண்டிகளில் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் முக்கியமானது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் தயாரான இந்த வண்டி 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஏற்றுமதிக்கான கடைசி வண்டிகள் 2022 ஜூலையில் ஆலையை விட்டு வெளியேறின. ஆகவே இன்று சாலையில் ஓடும் எல்லா எக்கோஸ்போர்ட்டுகளும் வயதேறியவை. அவற்றைப் பராமரிப்பவருக்கும் பழைய வண்டியாக வாங்குபவருக்கும் முதலில் வேண்டியது, எந்தக் கோளாறு எந்த வண்டிக்கு உரியது என்ற தெளிவு.

இன்ஜினை அடையாளம் காணுதல்

எக்கோஸ்போர்ட் என்ற ஒரே பெயரில் நான்கு இன்ஜின்கள் விற்கப்பட்டன. 2013 முதல் 2017 வரை வந்த 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல், 112 பி.எஸ். திறன் கொண்டது. 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் எக்கோபூஸ்ட் டர்போ பெட்ரோல், 125 பி.எஸ்.; முதலில் 2013-லும், பிறகு 2018-இல் ‘எஸ்’ வகையிலும் கிடைத்தது. 2017 இறுதியில் வந்த மாற்றியமைக்கப்பட்ட வண்டியில் ‘டிராகன்’ என்ற 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல், 123 பி.எஸ். இவற்றோடு 1.5 லிட்டர் டி.டி.சி.ஐ. டீசல் தொடக்கம் முதல் கடைசி வரை இருந்தது.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் இரண்டு விதம். பழைய பெட்ரோலில் இரட்டை கிளட்ச் கொண்ட பவர்ஷிஃப்ட். டிராகன் இன்ஜினோடு வந்தது டார்க் கன்வெர்ட்டர். ஒன்றின் குறை மற்றொன்றுக்குக் கிடையாது. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் இன்ஜின் கொள்ளளவையும் பார்த்துவிட்டுத்தான் கோளாறைத் தேடத் தொடங்க வேண்டும்.

ஆயிலில் ஓடும் பெல்ட்

எக்கோபூஸ்ட், டிராகன் ஆகிய இரண்டிலும் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே சுழல்கிறது. உராய்வும் சத்தமும் குறைய வேண்டும் என்பதற்காகச் செய்த அமைப்பு இது. இதனால் பெல்ட்டின் ஆயுள் ஆயிலின் தரத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. பொருந்தாத ஆயில், காலம் கடந்த ஆயில், அடிக்கடி குறுகிய தூரம் மட்டும் ஓட்டுவதால் பெட்ரோல் கலந்துபோன ஆயில் ஆகியவை ரப்பரை உப்பி உதிரச் செய்கின்றன. உதிர்ந்த துகள்கள் ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைகின்றன. ஆயில் அழுத்தம் விழுந்தால் பேரிங்குகளும் டர்போவும் காய்ந்து தேயும்.

ஆயில் அழுத்த விளக்கு வளைவுகளிலோ ஐடிலிங்கிலோ நொடிப்பொழுது மின்னி மறைவது முதல் அறிகுறி. அப்போதே வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும்; அடுத்த சர்வீஸ் வரை தள்ளிப்போடக் கூடாது. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் கறுப்பு ரப்பர் துகள்கள் கண்ணில் படும். சந்தேகம் இருந்தால் ஆயில் சம்ப்பைக் கழற்றி வலையைச் சோதிப்பதே உறுதியான வழி.

எக்கோபூஸ்ட் இன்ஜினின் ஆயில் பம்ப்பை இயக்கும் பெல்ட்டும் கவனத்துக்கு உரியது. அமெரிக்காவில் விற்ற 1.0 லிட்டர் எக்கோஸ்போர்ட்டுகளையும் ஃபோகஸ் கார்களையும் சேர்த்து ஏறத்தாழ 1,39,700 வண்டிகளை 2023 டிசம்பரில் ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஆயில் பம்ப் பெல்ட்டின் டென்ஷனர் உடையலாம், பெல்ட்டின் பற்கள் உதிரலாம் என்பதே காரணம். ஆயில் அழுத்தம் போனால் பிரேக்குக்குக் கிடைக்கும் வேக்குவம் உதவியும் போய், பெடல் கல்லாக இறுகும் என்று அந்த அறிவிப்பு எச்சரித்தது. அமெரிக்கா சென்ற எக்கோஸ்போர்ட்டுகளில் இருந்த இந்த 1.0 லிட்டர் வகையும் மறைமலை நகரில் உருவானதுதான்.

ஐரோப்பாவில் இந்த டைமிங் பெல்ட்டுக்கு ஃபோர்டு வகுத்த எல்லை 10 ஆண்டு அல்லது 2,40,000 கி.மீ.; எது முதலில் வருகிறதோ அது. முதல் தொகுதி எக்கோபூஸ்ட்டுகள் அந்த ஆண்டு வரம்பைத் தாண்டிவிட்டன. பெல்ட் மாற்றிய ரசீது இல்லாத வண்டியில் பெல்ட் மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயில் கேனில் ஃபோர்டின் 948-பி தர எண்ணும் 5டபிள்யூ-20 என்ற அளவும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது, எக்கோபூஸ்ட் உரிமையாளர் செய்யக்கூடிய மிக மலிவான காப்பு.

எக்கோபூஸ்ட்டில் இரண்டாவது பலவீனம் கூலன்ட். இன்ஜின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்ட் குறைந்து சூடேறினால் முதலில் வளைவது ஹெட்தான். மாதம் ஒருமுறை, இன்ஜின் ஆறிய நிலையில், கூலன்ட் டப்பாவின் அளவைப் பார்க்க வேண்டும். அளவு தொடர்ந்து குறைந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காமல் குழாய்களையும் அவற்றின் இணைப்புகளையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

பவர்ஷிஃப்ட்டின் நடுக்கம்

பழைய 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது ஆறு கியர், இரண்டு உலர் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்ச்சும் இரட்டைப்படை கியர்களை மற்றொன்றும் கவனிக்கின்றன. நகரும்போதும், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போதும் வண்டி உதறுவது இதன் பெயர்பெற்ற குறை. கியர் பாக்ஸின் சீல் கசிந்து ஆயில் கிளட்ச் தட்டில் படுவது ஒரு காரணம். தட்டு சீரற்றுத் தேய்வது இன்னொன்று.

கியர் விழாமல் போவது, ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரலுக்குத் தாவுவது, ஸ்டார்ட் ஆக மறுப்பது ஆகியவை வேறு ரகம். அவை பெரும்பாலும் கியர் பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியின் கோளாறு. முதலில் பேட்டரி வோல்டேஜைச் சோதிக்க வேண்டும். தளர்ந்த பேட்டரியே இதே அறிகுறிகளைக் காட்டும். அது சரியாக இருந்தால் ஸ்கேனர் மூலம் கிளட்ச்சின் தொடுபுள்ளியை மறுபடி கற்பிக்கலாம். அதற்கும் நடுக்கம் அடங்காவிட்டால் கிளட்ச்சையும் சீலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கிளட்ச்சை மட்டும் மாற்றினால் கசிவு புதிய தட்டையும் கெடுத்துவிடும்.

பவர்ஷிஃப்ட் புகார்களை நடத்திய விதத்துக்காக ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஃபியஸ்டா, ஃபோகஸ் ஆகியவற்றோடு எக்கோஸ்போர்ட்டும் அந்த வழக்கில் இருந்தது.

ஓட்டும் முறையாலும் இதன் ஆயுள் மாறும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடேறும். முன் வண்டியோடு கொஞ்சம் இடைவெளி விட்டு, பிறகு ஒரே மூச்சில் நகர்வது நல்லது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பதைக் கைவிட வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

டீசலில் பிக்கப் குறைவு

டீசல் எக்கோஸ்போர்ட் பொதுவாக உழைக்கும் வண்டி. திடீரென இழுவை குறைந்து, ஸ்கேனரில் பி0299 என்ற எண் வந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை என்று பொருள். உடனே டர்போவை மாற்றச் சொல்பவரை நம்பும் முன் இன்டர்கூலர் குழாய்களைப் பார்க்க வேண்டும். குழாயில் கீறலோ கிளிப்பில் தளர்ச்சியோ இருந்தால் அந்த இடத்தில் ஆயில் ஈரம் படிந்திருக்கும். மிதிக்கும்போது ‘புஸ்’ என்ற சத்தமும் கேட்கும். அடுத்து டீசல் ஃபில்டர், அதன் பின் கரி படிந்த ஈ.ஜி.ஆர். வால்வு என்ற வரிசையில் போனால் செலவு குறைவாகவே முடியும்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு ஏற்ப வந்த டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். உண்டு. தேங்கிய கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் அது நடப்பதில்லை. டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் 20 நிமிடம் போல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். இந்த எரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால், அதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்பட்ட டீசல் ஆயிலில் கலந்து டிப் ஸ்டிக்கில் அளவு ஏறும். அதிகபட்சக் கோட்டைத் தாண்டிய ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

டீசலின் டைமிங் பெல்ட் ஆயிலில் நனையாதது. அதை மாற்றும்போது வாட்டர் பம்ப்பையும் மாற்றினால் கூலியில் ஒரு சுற்று மிச்சம்.

ஸ்டார்ட்டும் மின்னணுவும்

பொத்தானை அழுத்தியும் ஸ்டார்ட் ஆகாமல், சாவி இல்லை என்று திரை சொன்னால், சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். கையேடு காட்டும் இடத்தில் சாவியை வைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு பேட்டரியை மாற்றலாம். டாஷ்போர்டு விளக்குகள் மங்கி ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் குறை பெரிய பேட்டரியில். டெர்மினலைத் துடைத்து இறுக்கிவிட்டு வோல்டேஜை அளக்க வேண்டும்.

இன்ஜின் மிஸ்ஸிங் அடித்தால் பி0301 முதலான எண்களின் கடைசி இலக்கம் எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும். அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், எண்ணும் கூடவே மாறுகிறதா என்று தெரியும். மாறினால் காயில்தான் கெட்டது. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

சிங்க் 3 திரை உறைந்து நின்றால், பவர் பொத்தானையும் அடுத்த பாட்டுக்கான பொத்தானையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் திரை கறுத்து மறுபடி தொடங்கும். சேமித்த எதுவும் அழியாது.

அடியிலும் பின்னாலும் சத்தம்

வேகத்தடையில் முன்புறம் ‘கடக் கடக்’ என்றால் முதலில் லிங்க் ராட், பிறகு லோயர் ஆர்ம் புஷ், கடைசியாக ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் என்று சோதிக்க வேண்டும். வேகம் கூடக் கூட ஏறும் உறுமல் வீல் பேரிங்குக்கு உரியது. பின்புற ட்விஸ்ட் பீம் போல்ட்டுக்காக 2015-இல் 16,000-க்கும் மேற்பட்ட எக்கோஸ்போர்ட்டுகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கால வண்டியை வாங்குபவர் அந்த வேலை முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

டிக்கி கதவில் ஸ்டெப்னி தொங்குவது இந்த வண்டியின் அடையாளம். அந்தப் பாரமே கதவின் தொல்லைக்கும் காரணம். கடகடப்பு கேட்டால் ஸ்டெப்னி நட்டுகள், கதவின் ரப்பர் தாங்கிகள், பூட்டின் கொக்கி ஆகிய மூன்றையும் இறுக்கிச் சரிசெய்தால் பெரும்பாலும் அடங்கும். கீல் தாழ்ந்திருந்தால் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். 2021-இல் வந்த ‘எஸ்.இ.’ வகையில் ஸ்டெப்னியே கிடையாது.

ஏ.சி.யும் வெள்ளமும்

குளிர்ச்சி குறைந்தால் கேஸ் நிரப்பும் முன் கேபின் ஃபில்டரையும் கண்டன்சரையும் பார்க்க வேண்டும். கண்டன்சர் முன்னால் இருப்பதால் கல்லடி பட்டுக் கசியும். கசிவை அடைக்காமல் நிரப்பிய கேஸ் நிற்காது. காலடி மிதியடி நனைந்திருந்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறதா என்றும், சன்ரூஃப் உள்ள வண்டியானால் அதன் வடிகுழாயையும் பார்க்க வேண்டும். அந்த நீர் இனித்த மணம் வீசினால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட்.

550 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. தேங்கிய நீரை மெதுவாகக் கடப்பதற்கான அளவு அது. எதிரில் பஸ் எழுப்பும் அலைக்கு அது பொருந்தாது. தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுந்தாது. கனெக்டிங் ராட்தான் வளையும்.

வாங்கும் முன்

ஓ.பி.டி. கருவியும் ஃபோர்ஸ்கேன் செயலியும் இருந்தால் ஃபோர்டு வண்டிகளின் பிழை எண்களை வீட்டிலேயே படிக்கலாம். விற்பவர் எண்களை அழித்துவிட்டுக் காட்டுவது உண்டு என்பதால், நீண்ட சோதனை ஓட்டத்துக்குப் பிறகு மறுமுறை படிக்க வேண்டும். இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது முதல் ஸ்டார்ட்டைக் கேட்பது, பவர்ஷிஃப்ட்டானால் நெரிசலில் ஓட்டிப் பார்ப்பது, எக்கோபூஸ்ட், டிராகன் எனில் ஆயில் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கேட்பது ஆகியவை அவசியம்.

நகர ஓட்டத்துக்கு டிராகன் டார்க் கன்வெர்ட்டரும், நீண்ட தூரத்துக்கு பி.எஸ். 4 டீசலும் தொல்லை குறைந்த தேர்வுகள். எக்கோபூஸ்ட்டை முழுப் பராமரிப்புக் கணக்கோடு மட்டுமே வாங்கலாம். பவர்ஷிஃப்ட் வண்டியின் விலையில் கிளட்ச் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே பேச வேண்டும்.