அச்சம் சமைத்த உருவங்கள்

கொல்லிமலையின் ஊராட்சிகள் இன்றும் ‘நாடு’ என்னும் பழம்பெயரையே தாங்கி நிற்கின்றன. திருப்புலி நாடு அவற்றுள் ஒன்று. அம்மலையைப் பற்றிப் பேசுவோர் கொல்லிப்பாவையைப் பேசாமல் அமைவதில்லை. புன்னகையால் மயக்கிப் பகைவரைக் கொல்லும் பாவை என்பது வழிவழி வரும் கதை. ஆனால் நற்றிணைப் பாடல் ஒன்றில் அவள் வேறு கோலத்தில் நிற்கிறாள். காற்று மோதினும், இடி விழினும், நிலமே அதிரினும் எழில் குன்றாதவள் அவள். தலைவியின் அழகுக்கு உவமையானவள். பாவை ஒன்றே, ஒரு நெஞ்சம் அழகைக் கண்டது, மற்றொரு நெஞ்சம் அச்சத்தைக் கண்டது.

அஞ்சும் நெஞ்சமே அச்சத்துக்கு உருவம் சமைக்கிறது. இவ்வுண்மையைச் சின்னத்திரையில் வைத்துக் காட்டிய படைப்பு ‘விடாது கருப்பு’. 1990களில் சன் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘மர்மதேசம்’ என்னும் தனித்தனிக் கதைகளின் வரிசையில் அதுவும் ஒன்று. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் அதனைத் தயாரித்தது. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்த கதை அது.

ஒரு சிற்றூர். குற்றம் புரிந்தோர் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். குதிரையேறி வரும் கருப்பசாமியே தண்டித்தார் என்று ஊர் நம்பி நடுங்குகிறது. இருளையும் குளம்பொலியையும் கொண்டே இயக்குநர் நம்மையும் அந்த ஊராருள் ஒருவராக்கி விடுகிறார். இறுதியில் அவிழும் முடிச்சோ மனித நெஞ்சத்தினுள் இருக்கிறது. ஓர் இளைஞனின் உள்ளம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அறியாமல் மறுபாதி செயற்பட்டிருக்கிறது. சேத்தனின் நடிப்பு அப்பிளவை நம்பச் செய்கிறது. தான் எழுப்பிய அச்சத்தைத் தானே அவிழ்த்துக் காட்டும் இந்த நேர்மைதான் கதையின் தலையாய சிறப்பு.

குறையும் உண்டு. மாண்டவர்கள் தீயோர் என்பதால் ஒவ்வொரு கொலையின்போதும் நம் உள்ளம் உள்ளூர மகிழ்கிறது. சாட்சியும் விசாரணையும் இன்றித் தனியொருவர் வழங்கும் தண்டனையை இஸ்லாம் நீதி என ஏற்பதில்லை. கதையோ அம்மகிழ்ச்சியைக் குறித்து நம்மிடம் போதிய அளவு கேள்வி கேட்கவில்லை.

“இது பிறர் நம்பிக்கை பற்றிய கதை, நமக்கென்ன?” என்று நம் இல்லத்தார் கூறலாம். மறைவானவற்றை நம்புதல் நம் ஈமானின் பகுதி. திருக்குர்ஆனின் 72ஆவது அத்தியாயம் ‘அல் ஜின்’ என்றே பெயர் பெற்றுள்ளது. ஆயினும், ஜின் உண்டு என நம்புவது வேறு. இரவில் உறங்காது பிதற்றும் பிள்ளையைக் கண்டதும் ஜின் பிடித்தது என்று தீர்ப்பளிப்பது வேறு. அத்தீர்ப்புக்குப் பின் வருவன தகடும் தாயத்தும். சில வேளைகளில் சங்கிலியும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். ‘விடாது கருப்பு’ முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உள்ளத்தின் பிளவு நோய் என்பதைத் திரையில் கண்டு வியந்த நாம், வீட்டில் அதனை நோய் என ஏற்கத் தயங்கினோம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அம்மரணத்துக்காகவே கதிரவன் மறைந்தது என்று மக்கள் பேசினர். துயரத்தின் நடுவிலும் அண்ணலார் அதனை மறுத்தார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை எனத் தெளிவுறுத்தி, மக்களைத் தொழுகையின்பால் திருப்பினார்கள். மக்களின் மருட்சியைத் தமக்குப் பெருமையாக்கிக்கொள்ள அவர்கள் எண்ணவில்லை.

மாயக் கதைகளை எடைபோட நமக்கு இதுவே உரைகல். எழுப்பிய அச்சத்திலிருந்து கதை நம்மை விடுவிக்கிறதா, அதிலேயே பிணைத்து வைக்கிறதா? ‘விடாது கருப்பு’ பெரும்பாலும் விடுவிக்கிறது. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள், பார்த்தபின் பேசுங்கள். இறைவன் ஒருவனுக்கே அஞ்சும் உள்ளம், நோயுற்றவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அஞ்சாது.