மன்னவனூர்க் குளிரில் கட்டிங் மேட்: எப்படிச் சுத்தம் செய்தால் நிற்கும்?

குயில்ட் தைப்பவர்கள் கட்டிங் மேட் வாங்கும்போது அளவையும் விலையையும்தான் பார்க்கிறோம். அது எத்தனை காலம் உழைக்கும் என்பதோ நாம் சுத்தம் செய்வதில் இருக்கிறது. 24 × 36 அங்குல பி.வி.சி. மேட் ஒன்றை மலை ஊரான மன்னவனூரில் வைத்துப் பல வழிகளில் சுத்தம் செய்து பார்த்தேன்.

1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த ரோட்டரி கட்டரோடு சேர்ந்தே இந்த மேட்டும் தையல் மேசைக்கு வந்தது. வட்டக் கத்தி மேற்பரப்பைச் செதுக்கி எடுப்பதில்லை, பிளந்துவிட்டுப் போகிறது. மென்மையான பி.வி.சி. திரும்ப நெருங்கி மூடிக்கொள்கிறது. பிளவுக்குள் பஞ்சு புகுந்துவிட்டால் மூட வழியில்லை. அடுத்த முறை அதே இடத்தில் கத்தி துள்ளும், நடுவில் இரண்டு இழை அறுபடாமல் நிற்கும். பிளேடு மழுங்கிவிட்டது என்று மாற்றுவோம். குறை மேட்டில் இருக்கும்.

1965 முதல் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இயங்கும் ஊர் மன்னவனூர். பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கவே இங்கே ஆட்கள் வருகிறார்கள். குளிருக்குக் கம்பளித் துணியும் வெட்டியாக வேண்டும். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. பிளவில் நுழைந்தால் பருத்தியைவிடப் பிடிவாதமாக நிற்கிறது.

வெள்ளை ரப்பர்: பருத்திப் பஞ்சுக்கு அருமை. பிளவின் குறுக்காகத் தேய்த்தால் சாம்பல் நிறத் திரியாகச் சுருண்டு மேலே வருகிறது. அன்றாடத்துக்கு இதுவே போதும்.

ஒட்டும் டேப்: மேலே கிடப்பதை மட்டும் எடுக்கிறது. உள்ளே இருப்பது அசையாது.

சோப்புத் தண்ணீர்: கம்பளிக்கு இதுதான் சரி. பெரிய மேட் சிங்க்கில் அடங்காது. குளியலறைத் தரையைக் கழுவிவிட்டு மட்டமாகப் போடுங்கள். வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீரில் சில சொட்டுப் பாத்திர சோப்பு, மென்மையான பிரஷ், வட்டவட்டமான தேய்ப்பு. நாட்பட்ட அழுக்குக்கு 4 லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கால் கப் வினிகர் கலந்து கால் மணி நேரம் ஊறவிடலாம். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம்.

மலையில் உண்மையான சோதனை காயவைப்பதில்தான். மூடுபனி நாளில் மேட் சீக்கிரம் உலராது என்று ஹீட்டர் அருகிலோ அடுப்படியிலோ சாய்த்தால் நெளிந்துவிடும். நெளிந்த மேட்டில் அளவுகோல் உட்காராது. துண்டால் ஒற்றி, மேசையில் மட்டமாக விடுங்கள். குளிர்ந்த காலையில் விறைத்திருக்கும் மேட்டை வளைக்கவோ சுருட்டவோ கூடாது. இஸ்திரிப் பெட்டியும் சூடான டீ டம்ளரும் அதன்மேல் வேண்டாம்.

தீர்ப்பு: வெட்டி முடித்ததும் ரப்பர், பஞ்சு தேங்கும்போது சோப்புக் குளியல், கட்டிலடியில் மட்டமான இடம். ஒரே கோட்டில் வெட்டாமல் அவ்வப்போது மேட்டைத் திருப்பிப் போட்டால் தேய்மானமும் பரவும். தனியாக விற்கும் சுத்தம் செய்யும் பொருட்களுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பிளேடு வாங்குங்கள்: மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் கூட்டுவோம், அந்த அழுத்தம் மேட்டில் ஆழமாக இறங்கும்.